ஸ்மார்ட் மீட்டர் வந்தால் ஏற்காட்டில் கரண்ட் போவது நிற்குமா?

நிற்காது. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளை 11 கேவி கம்பியில் முறிந்து விழுவதை எந்த மென்பொருளும் தடுக்காது. ஆனால் எங்கே விழுந்தது என்று தேடும் நேரம் குறையும். மலையில் அதுதான் பெரிய வேலை. ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்) ட்ரிப் ஆகி நின்றதும் லைன்மேன் மழையில் டார்ச்சோடு கம்பியை அண்ணாந்து பார்த்தபடியே போக வேண்டியிருக்கும்.

பல ஸ்மார்ட் மீட்டர்களுக்குள் சின்னதாக ஒரு கெபாசிட்டர் இருக்கும். கரண்ட் போன கணத்தில், அதில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வைத்து ‘இங்கே சப்ளை இல்லை’ என்று ஒரு கடைசித் தகவலை அனுப்பிவிடும். எந்த மீட்டர்கள் அணைந்தன, எவை ஓடுகின்றன என்று அலுவலகத் திரையில் பார்த்தாலே பழுது எந்த டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். கம்பியிலேயே மாட்டும் பழுதுகாட்டிகளும் உண்டு. பழுதின்போது அதிக மின்னோட்டம் பாய்ந்த இடத்தில் விளக்கு சிமிட்டும். என்னைக் கேட்டால் ஏற்காட்டுக்கு முதலில் வேண்டியது இதுதான்.

சிக்னல் கிடைக்காத பள்ளங்களில் ஒரு மீட்டர் பக்கத்து மீட்டர் வழியாகத் தகவலைக் கடத்தும் ரேடியோ முறை இருக்கிறது. சேலம் டவுனில் சரிப்படும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் எஸ்டேட்டில் தடுமாறும். அப்புறம் பில்? ரீடிங் எடுக்க ஆள் வரவேண்டாம், அவ்வளவுதான்.