207-க்குப் பின்னால் ஒரு டிரெய்லர்: பட்டறை அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, அப்பா 2006-இல் வாங்கிய டாடா 207 டி.ஐ. பிக்கப் வீட்டில் நிற்கிறது. உவரியிலிருந்து மீன் ஏற்றி ஓடிய வண்டி. இனிமேல் கோயில் கொடை விழாக்களுக்கு ஜெனரேட்டர் டிரெய்லர் இழுக்கலாம் என்றிருக்கிறேன். டிரெய்லரும் ஜெனரேட்டருமாக 1,800 கிலோ. எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்பில் அளவைக் கூட்டிவிட்டால் நல்ல இழுவை வரும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: பம்பில் கை வைக்க விடாதீர்கள். அந்த மூன்று லிட்டர் எஞ்சின் 407 லாரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இழுக்கும் தெம்பு அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும், எஞ்சின் சூடேறும், புகைச் சோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் ஹோஸ்களை மாற்றி, வால்வை இயக்கும் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்த்து, டீசல் தெளிக்கும் நாசில்களைச் சோதனைக்குக் கொடுங்கள். கியர் பெட்டியிலும் பின் ஆக்சிலின் கிரவுன் பெட்டியிலும் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். எஞ்சின் பக்கம் அவ்வளவு போதும்.

எனக்குக் கவலை தருவது "மீன் ஏற்றி ஓடிய வண்டி" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் பின்பாகத்தில்தான் ஆண்டுக்கணக்கில் சொட்டியிருக்கும். கொக்கி மாட்டப்போவதும் அதே இடத்தில். மேலே அடித்திருக்கும் கறுப்புப் பெயின்டை நம்ப வேண்டாம். கீழே இறங்கிப் படுத்து, சிறிய சுத்தியலால் சேஸிஸை முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகும், செதில் செதிலாக உதிரும். பாரம் தாங்கும் வில்லான கமான் பட்டையின் பின்முனையைத் தாங்கும் பிராக்கெட் சேஸிஸோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு புகுந்திருந்தால் தகடு உப்பியிருக்கும், ரிவெட் தலை ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும். அப்படி இருந்தால், அந்தப் பகுதியைச் சேஸிஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சீராக்கும்வரை இழுவை வேலைக்கு முன்பணம் எதுவும் வாங்காதீர்கள்.

கொக்கியைப் பம்பரில் பற்றவைத்துக் கொடுக்கும் பட்டறைகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். பம்பர் இழுப்பதற்குச் செய்த பொருளே அல்ல. சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் பக்கவாட்டுச் சுவரில் துளையிட்டு, தடித்த தகடு வைத்து, உறுதி கூடிய 8.8 தரப் போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். மேல், கீழ் விளிம்புகளில் துளையும் கூடாது, வெல்டிங்கும் கூடாது. சட்டம் வளையாமல் தாங்குவது அந்த விளிம்புகள்தான். கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி விட்டுப்போனாலும் டிரெய்லரின் மூக்கு சங்கிலி மேல் விழும், ரோட்டில் குத்தாது.

கையில் இருக்கும் மிச்சப் பணம் முழுவதையும் பிரேக்கில் போடுங்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்களின் ரப்பர், லைனர், ஹோஸ் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் சூட்டில் கொதித்தால் மிதி வெறுமனே உள்ளே போய்விடும். 1,800 கிலோ பின்னாலிருந்து தள்ளும்போது 207-இன் பிரேக் மட்டும் போதாது. டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே அதன் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் அமைப்பு உண்டு. அதைப் பொருத்திய டிரெய்லராகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பணகுடியிலிருந்து காவல்கிணறு போகும்போது டிரெய்லர் வால் ஆட்டுகிறது. ஆனி, ஆடியில் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயமாக இருக்கிறது.
— வாசகர், பணகுடி

பதில்: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அந்த நான்குவழிச் சாலையைக் குறுக்கே அடிக்கிறது. காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டதும் அதனால்தானே! ஜெனரேட்டரின் தகரக்கூடு அந்தக் காற்றுக்குப் பாய்மரம் போல. ஆனால் காற்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும், அவ்வளவுதான். அது அடங்காமல் வளர்வது பாரம் பின்தள்ளி இருப்பதால். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியில் அழுந்த வேண்டும். 1,800 கிலோவுக்கு 180 முதல் 270 கிலோ. எடை மேடைக்குப் போய், டிரெய்லரின் சக்கரங்களை வெளியே நிறுத்தி, அதன் மூக்குப் பக்கத்து ஊன்றுகாலை மட்டும் மேடையில் ஊன்றினால் இந்தக் கணக்கு தெரிந்துவிடும். குறைந்தால் ஜெனரேட்டரைச் சற்று முன்னே நகர்த்திப் பொருத்துங்கள். டீசல் பீப்பாயையும் கேபிள் சுருளையும் வால்பக்கம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பலரும் செய்யும் வேலை அது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் சடாரென்று பிரேக் மிதிக்காதீர்கள், வேகம் கொடுத்துத் தப்பவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், தானாக அடங்கும். வில்லுப்பாட்டு தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. அரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

கேள்வி: பின்னால் ஒரு கமான் பட்டை கூடுதலாகப் போட்டால் மூன்று டன் இழுக்கலாமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கூடாது. பட்டை கூடினால் வண்டியின் வால் தாழாது, அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையபடிதானே இருக்கின்றன?

கேள்வி: டிரெய்லருக்குத் தனியாக ஆர்.சி. எடுக்க வேண்டுமா, பிக்கப்பின் ஆர்.சி. போதாதா?
— வாசகர், ராதாபுரம்

பதில்: தனியாக எடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்கென்று பதிவு, எண் பலகை, பின்சிவப்பு விளக்கு, ஒளியைத் திருப்பிக் காட்டும் ரிஃப்ளெக்டர் எல்லாம் தேவை. பழைய டிரெய்லர் வாங்குவதென்றால், சேஸிஸ் எண் தகட்டில் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். பின்விளக்கு ஒயரைக் கொக்கி மேலே தொங்கவிடாமல் சற்றுத் தளர்வாக ஓரமாகக் கட்டுங்கள். வளைவில் திரும்பும்போது அறுபடுவது அங்கேதான்.