கரதாயேவும் கருகிய சட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' நாவலை முடித்தேன். பியர், ஆந்த்ரேய், நதாஷா கண்முன் நிற்கிறார்கள். ஆனால் சிறு பாத்திரங்களை தல்ஸ்தோய் வரலாற்று வெள்ளத்தில் கரைத்துவிடுகிறார். பியரோடு கைதியாக இருக்கும் குடியானவச் சிப்பாய் பிளாத்தோன் கரதாயேவ் ஓர் ஆளே அல்ல, பழமொழி மூட்டை. நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து அவர்களுடைய தனித்தன்மையை ஏன் பறிக்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கரதாயேவ் பற்றி நீங்கள் சொல்வதை தல்ஸ்தோயே ஒப்புக்கொள்வார். சற்றுமுன் பேசியதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் கரதாயேவுக்கு வராது. பிடித்த பாட்டின் சொற்களைக்கூடத் தனியாகச் சொல்லத் தெரியாது. தலை, தோள், கை எல்லாமே உருண்டை.

ஆனால் அவன் வரும் இடத்தைப் பாருங்கள். 1812, மாஸ்கோ. நகரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கைதிகளைச் சுடுகிறார்கள். முதல் நால்வரை இரண்டிரண்டு பேராக, ஐந்தாமவனைத் தனியாக. பியர் ஆறாவது, அவன் முறை வராமலே முடிந்துவிடுகிறது. அந்த ஐந்தாமவன் பதினெட்டு வயது ஆலைத் தொழிலாளி. பெயர் கிடையாது. கண்ணைக் கட்டும்போது பின்மண்டையில் முடிச்சு உறுத்துகிறது; தானே அதைச் சரிசெய்துகொள்கிறான். கம்பத்தில் சாய்கிறான், வாகாக இல்லை, நிமிர்ந்து காலை ஒழுங்காக வைத்து மறுபடி சாய்கிறான். அவ்வளவுதான் அவனைப் பற்றி. போதவில்லையா?

அடுத்த அத்தியாயத்தில்தான் கரதாயேவ் வருகிறான். முடிச்சைச் சரிசெய்த பையனைப் பார்த்துவிட்ட பியருக்கு இன்னொரு தனி ஆளைத் தாங்கும் தெம்பு இல்லை. முனைகளே இல்லாத ஒருவன்தான் அப்போது அவனுக்கு வேண்டியிருக்கிறது. கரதாயேவை உருட்டி எடுத்ததில் பாதி பியரின் கண் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அதனால்தான் கரதாயேவின் சாவும் அப்படி வருகிறது. பின்வாங்கும் பிரெஞ்சுப் படை கைதிகளையும் நடத்திக் கூட்டிப்போகிறது. நடக்க முடியாமல் பிர்ச் மரத்தடியில் உட்கார்ந்து பியரைப் பார்க்கிறான். பியர் கவனிக்காததுபோல நகர்ந்துவிடுகிறான். பின்னால் வெடிச்சத்தம். பியருக்கு உடனே ஞாபகம் வருவது, ஸ்மோலென்ஸ்க் போய்ச்சேர இன்னும் எத்தனை நாள் நடை என்ற பாதியில் விட்ட கணக்கு. இரண்டு பிரெஞ்சுச் சிப்பாய்கள் கடந்து ஓடுகிறார்கள், ஒருவன் கையில் புகையும் துப்பாக்கி. அவர்களில் ஒருவன், இரண்டு நாள் முன்னால் நெருப்பில் சட்டையைக் காயவைக்கப்போய்க் கருக்கிக்கொண்டு, எல்லோரும் பார்த்துச் சிரித்த அதே ஆள். சுடப் போனவர்களில் ஒருவனுக்கும் ஒரு சட்டை கொடுத்திருக்கிறார், பாருங்கள்.

பின்னுரையின் இரண்டாம் பகுதியில் கட்டுரையாளர் தல்ஸ்தோய் மனிதர்களைக் கரைக்கத்தான் பார்க்கிறார். உங்கள் புகார் அங்கே முழுக்கச் செல்லும். எனக்கும் அங்கே கொட்டாவிதான். நாவலாசிரியரிடம் அது செல்லாது. கரதாயேவின் நாய் பின்னால் ஊளையிடுகிறது. முட்டாள் நாய், எதற்கு இப்படி ஊளையிடுகிறது என்று பியர் நினைக்கிறான். திரும்பிப் பார்க்கவில்லை.