கல்லூரி குவாட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவாரா? கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் ஒவ்வொருவராக எடுக்கும் டிராஃப்ட் நெருங்கினாலே, பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் பற்றிய கேள்விகள்தான் குவியும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பதில்களோடு கீழே தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அணி எடுக்கப்போவதாகச் சொல்லும் பையன் கல்லூரியில் 70 சதவீதம் பாஸ்களை முடித்திருக்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த 70, அதாவது போட்டதில் சக வீரர் பிடித்த பாஸ்களின் பங்கு, எதனால் ஆனது என்று பிரித்துப் பாருங்கள். பந்து காற்றில் போன தூரத்தை வைத்து நான்கு கட்டமாகப் பிரிக்கலாம்: ஆட்டம் தொடங்கும் ஸ்க்ரிம்மேஜ் கோட்டுக்குப் பின்னால், 0 முதல் 9 யார்டு, 10 முதல் 19, 20-க்கு மேல். கோட்டுக்குப் பின்னால் போடும் ஸ்கிரீன் பாஸ் யார் போட்டாலும் முடியும். சில கல்லூரி அணிகளில் மொத்த பாஸில் நாலில் ஒன்று இந்த வகைதான். அதைக் கழித்தால் 70 என்பது 62 ஆகிவிடும். என்எஃப்எல்லில் பிழைப்பு நடப்பது 10 முதல் 19 யார்டுக்குள், அதுவும் மைதானத்தின் நடுவில். அங்கே எத்தனை போட்டார், எத்தனை முடித்தார் என்பதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: ஜோஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் 56 சதவீதம்தானே? அவர் தேறவில்லையா?

தேறினார். என்எஃப்எல்லில் பஃபலோ அணியில் முதல் ஆண்டு 2018-இல் 52.8 சதவீதம், 2020-இல் 69.2. ஆனால் அவரைக் காட்டி அடுத்தவரை எடுப்பதில்தான் அணிகள் மாட்டிக்கொள்கின்றன. ஆன்டனி ரிச்சர்ட்சன் ஃபுளோரிடாவில் 2022-இல் 53.8 சதவீதம். 2023 டிராஃப்டில் இண்டியானாபொலிஸ் அவரை 4-ஆவதாக எடுத்தது. 2024-இல் அவர் முடித்தது 47.7 சதவீதம். குறி தவறுபவர் திருந்துவது அபூர்வம். ஆலன் காலடியையும் இடுப்புத் திருப்பத்தையும் அடியிலிருந்து மாற்றிக்கொண்டார், அணியும் பொறுத்திருந்தது. இரண்டும் சேர்ந்து அமையும் என்று கணக்குப் போட முடியாது.

கேள்வி: எத்தனை ஆட்டம் ஸ்டார்ட் செய்திருக்க (தொடக்கத்திலிருந்தே களமிறங்கியிருக்க) வேண்டும்? அதற்கு விதி ஏதாவது உண்டா?

முன்னாள் என்எஃப்எல் பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் பெயரில் ஒரு பழைய பட்டியல் சுற்றுகிறது: மூன்று ஆண்டு ஸ்டார்ட்டர், கடைசி ஆண்டு மாணவர், பட்டம் பெற்றவர், 23 வெற்றி. மாணவர்கள் நினைத்தபோது கல்லூரி மாறும் இந்தக் காலத்தில் அதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்ள முடியாது. என்றாலும் அதன் உள்ளே இருக்கும் எண்ணம் சரி. ட்ருபிஸ்கி 13 ஸ்டார்ட், ட்ரே லான்ஸ் 17, ரிச்சர்ட்சன் 13. மூவரும் முதல் நான்கு இடங்களுக்குள் போனவர்கள், எடுத்த அணியில் மூவரும் ஸ்டார்ட்டராக நிலைக்கவில்லை. மறுபக்கம், ஐயோவா ஸ்டேட்டில் நான்கு பருவம் ஆடிய பிராக் பர்டி 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் போனார். போ நிக்ஸ் 61 ஸ்டார்ட்டுகளோடு வந்து முதல் ஆண்டே டென்வரை பிளேஆஃப் கொண்டுபோனார். ஆபர்னில் ஒரே ஒரு பருவம் ஆடிய கேம் நியூட்டன் விதிவிலக்கு.

காரணம் எளிது. 13 ஆட்டம் மட்டும் ஆடியவரை எதிரணிப் பயிற்சியாளர்கள் படித்து முடித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது ஆண்டு அவருக்குப் பிடித்த பாஸை அடைத்துவிட்டு "வேறு என்ன வைத்திருக்கிறாய்" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கல்லூரியிலேயே பதில் சொன்னவரை எடுப்பது நல்லது.

கேள்வி: அண்ணா, கல்லூரி மைதானமும் 100 யார்டுதானே? ஆட்டம் அப்படி என்ன மாறிவிடுகிறது?

தம்பி, விஷயம் நீளத்தில் இல்லை, ஹாஷ் கோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துத் தொடங்குவது இந்த இரண்டு கோடுகளுக்குள்தான். கல்லூரியில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரத்துக்குப் போய்விட்டால் ஒரு பக்கம் பரந்த வெளி, மறுபக்கம் ஒடுங்கிய சந்து. டிஃபென்ஸ் அந்த அகலத்தை மூட ஆட்களை நகர்த்தியே ஆக வேண்டும், அப்போது அவர்கள் திட்டம், பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்து ஆட்டம் தொடங்கும் ஸ்நாப்புக்கு முன்பே தெரிந்துவிடும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில். டிஃபென்ஸின் கடைசி வரிசையான இரண்டு சேஃப்டிகள் தள்ளிப் பின்னால் நின்று ஒரு கவரேஜைக் (பாஸ் வாங்குபவர்களை மறிக்கும் முறையை) காட்டிவிட்டு, ஸ்நாப் ஆனதும் ஒருவர் முன்னே வந்து வேறொன்றாக மாற்றுவார். ஸ்நாப்புக்கு முன் முடிவெடுத்துப் பழகியவர் அங்கே பந்தை எதிரணி கையில் போடுவார், அதாவது இன்டர்செப்ஷன் கொடுப்பார்.

இதே ஹாஷ் கோடு நமக்கு ஒரு நல்ல சோதனையும் தருகிறது. கல்லூரியில் இடது ஹாஷிலிருந்து வலது எல்லைக்கோட்டுக்குப் போடும் 15 யார்டு அவுட் பாஸ் (பாஸை வாங்கும் ரிசீவர் முன்னே ஓடி எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பிப் பிடிப்பது) காற்றில் 37, 38 யார்டு போகிறது. என்எஃப்எல்லில் அதைவிடக் குறைவு. பந்து வளைந்து ஏறி இறங்குகிறதா, தட்டையாகப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். தட்டையாகச் சேர்ந்தால் கை போதும்.

இன்னொரு வித்தியாசம், குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் லைன்மேன்கள். பாஸ் போகும்போது கல்லூரியில் அவர்கள் 3 யார்டு வரை முன்னே போயிருக்கலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓட்டமா பாஸா என்று ஸ்நாப்புக்குப் பிறகு தீர்மானிக்கும் ஆர்பிஓ கல்லூரியில் இவ்வளவு செழிப்பாக ஓடுவது அந்த 2 யார்டால்தான். அங்கே ஒரு நொடி நிதானித்துப் போடலாம், இங்கே நடுவரின் தவறுக் கொடி விழும், 5 யார்டு போகும். ஆகவே ஆர்பிஓவில் வந்த யார்டுகளைப் பாதி மதிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாக் ஆவது, அதாவது பாஸ் போடும் முன்பே குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது, லைன்மேன்களின் தவறு. அதை குவாட்டர்பேக் கணக்கில் எழுதுவது நியாயமா?

பெரும்பகுதி நியாயம்தான். நல்ல லைன், குவாட்டர்பேக்கை நோக்கி எதிரணி பாய்ந்து வரும் பிரஷரைக் குறைக்கும். வந்த பிரஷர் சாக்காக மாறுகிறதா என்பது பந்து யார் கையில் இருக்கிறதோ அவரைப் பொறுத்தது. கல்லூரியிலிருந்து என்எஃப்எல்லுக்கு அதிகம் மாறாமல் கூடவே வரும் குணங்களில் இதுவும் ஒன்று. சாக்குகளை பிரஷர்களால் வகுங்கள். 150 பிரஷரில் 36 சாக் என்றால் 24 சதவீதம். 20-ஐத் தாண்டினால் நான் முகம் சுளிப்பேன், 15-க்குக் கீழே என்றால் மற்ற குறைகளைக் கொஞ்சம் மன்னிப்பேன்.

கல்லூரிப் புள்ளிவிவரத்தில் ஒரு பொறி இருக்கிறது: அங்கே சாக்கில் இழந்த யார்டுகளை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள், என்எஃப்எல்லில் அணியின் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். "இவர் ஓடவே மாட்டார், மொத்தமே மைனஸ் 40 யார்டு" என்று எழுதுபவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

படத்தில் பார்க்க வேண்டியது கண். பிரஷர் வரும்போது கண் ரிசீவர்கள் மேலேயே இருக்கிறதா, பாய்ந்து வருபவன் மேல் இறங்குகிறதா? கால், லைன்மேன்கள் சுற்றிக் காக்கும் பாக்கெட்டுக்குள் முன்னே ஏறுகிறதா, பின்னாலேயே போகிறதா? பின்னால் போகிறவர் தன் ஓர லைன்மேனான டேக்கிளின் வேலையைத் தானே கெடுக்கிறார்.

கேள்வி: உயரம், கை அளவு?

கை அளவு என்பது விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம், கென்னி பிக்கெட்டுக்கு 8.5. இதை வைத்து ஒருவரை ஏற்கவோ ஒதுக்கவோ மாட்டேன். மழையிலும் குளிரிலும் பந்தை நழுவவிட்டாரா என்று ஆட்டங்களிலேயே பாருங்கள். 5 அடி 10 அங்குலத்தில் கைலர் மர்ரியும் பிரைஸ் யங்கும் முதல் இடத்தில் போனார்கள். குட்டையானவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாக்கெட்டுக்குள் நின்றபடி நடுவில் பாஸ் போடுகிறாரா, பார்க்க வெளியே ஓடிவிடுகிறாரா?

கேள்வி: பந்து வேகம்? டிராஃப்டுக்கு முன் நடக்கும் சோதனை முகாமான கம்பைனில் அளக்கிறார்களே.

ஆலன் மணிக்கு 62 மைல். டெஷான் வாட்சன் 2017-இல் 49. அதே வாட்சன் 2020-இல் 4,823 யார்டோடு லீக்கிலேயே முதலிடம். வேகம் குறைந்தவர் முன்கூட்டியே போட்டாக வேண்டும். சோதிக்க வழி: பந்து கையை விடும் நொடியில் படத்தை நிறுத்துங்கள். ரிசீவர் இன்னும் திரும்பவில்லை என்றால் நல்லது. திரும்பி, கை நீட்டி நிற்கிறார் என்றால் இவர் பார்த்த பிறகுதான் போடுகிறார். கல்லூரியில் அந்த இடைவெளி மூடாது, இங்கே மூடிவிடும்.

கேள்வி: அறிவுத் தேர்வுகள்?

வொண்டர்லிக் என்பது 12 நிமிடத்தில் 50 கேள்வி. 2022 முதல் கம்பைனில் அதை நிறுத்திவிட்டார்கள். 2023-இல் எஸ்2 என்ற இன்னொரு தேர்வில் சி.ஜே. ஸ்ட்ரவுடின் மதிப்பெண் மோசம் என்று செய்தி கசிந்தது. அந்த ஆண்டே அவர் 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கேள்வி: வீட்டிலிருந்து பார்க்கும் சாதாரண ரசிகன் எப்படி மதிப்பிடுவது?

ஹைலைட்ஸ் பார்க்காதீர்கள். மூன்று ஆட்டம் போதும்: அவர் சந்தித்த மிகச் சிறந்த டிஃபென்ஸ், வெளியூரில் தோற்ற ஆட்டம் ஒன்று, அவருடைய முக்கிய லைன்மேன் காயத்தில் இல்லாத ஆட்டம் ஒன்று. 22 பேரும் தெரியும் மேல்கோணப் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள். தொலைக்காட்சிக் கோணத்தில் சேஃப்டிகள் தெரியமாட்டார்கள், அவர் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்பதே புரியாது.

மூன்றாவது டவுன் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 7 யார்டுக்கு மேல் தேவை. இவற்றை மட்டும் முதலில் எடுங்கள், ஏனென்றால் பாஸ்தான் வரும் என்று டிஃபென்ஸுக்கும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஸ்நாப்பிலிருந்து பந்து விடும் வரை எத்தனை நொடி, முதலில் பார்த்த ஆளுக்கே போட்டாரா அடுத்தவருக்கு நகர்ந்தாரா, பந்து ரிசீவரின் ஓட்டத்துக்கு முன்னே விழுந்ததா பின்னேயா என்று குறியுங்கள். பிடித்தாரா இல்லையா என்பதை எழுதவே வேண்டாம். ஆனால் டிஃபென்ஸ் ஆள் கைக்கு வந்து நழுவவிட்ட பந்தையும் இன்டர்செப்ஷனாக எண்ணுங்கள்.

கேள்வி: "சிஸ்டம் குவாட்டர்பேக்" (தன் திறமையால் அல்ல, ஆட்டமுறையால் மின்னுகிறவர்) என்று, பிறகு நட்சத்திரமான மஹோம்ஸையும்தான் சொன்னார்கள்.

ஆமாம். அவர் ஆடிய டெக்ஸாஸ் டெக் கல்லூரியின், பாஸையே நம்பும் ஏர் ரெய்டு ஆட்டமுறையில் எண்கள் ஊதிப்போகும் என்பது உண்மை. அதனால் எண்களை ஒதுக்கலாம், ஆளை ஒதுக்கக் கூடாது. திட்டம் உடைந்த பிறகு அவர் போட்ட பாஸ்கள் எந்த சிஸ்டத்திலும் எழுதியிருக்காது. அதோடு, டிராஃப்டில் 10-ஆவதாகக் கன்சாஸ் சிட்டிக்குப் போனவர் 2017 முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து, கடைசி வாரம் ஒரே ஒரு ஸ்டார்ட் செய்தார். பயிற்சியாளர் ஆண்டி ரீட். போய்ச் சேரும் இடம் பாதி என்று நான் சொல்வது இதனால்தான். சாம் டார்னால்ட் 2018-இல் 3-ஆவதாக ஜெட்ஸ் அணிக்குப் போய், கதை முடிந்தவர் போலத் தெரிந்தார். 2024-இல் மினசோட்டாவில் 4,319 யார்டு, 35 டச்டவுன், 14 வெற்றி.

கேள்வி: எடுத்துவிட்டார்கள். எப்போது தீர்ப்புச் சொல்லலாம்?

முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டு வேண்டுமா என்பதை மூன்றாவது பருவம் முடிந்த மே மாதத்துக்குள் அணி சொல்ல வேண்டும். அணிக்கே அவ்வளவு அவகாசம் இருக்கும்போது முதல் பருவத்தின் அக்டோபரிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டாவது பருவத்தின் முதல் ஆறு, ஏழு ஆட்டங்களைப் பாருங்கள். ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர் மாறாமல் இருந்தும், சாக் விகிதமும் மூன்றாவது டவுனும் அப்படியே நின்றால் கவலைப்படலாம். பயிற்சியாளர் மாறியிருந்தால் இன்னொரு பருவம் கொடுங்கள்.