வங்கிச் சில்லறையில் வெள்ளிக்காசு கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய காசு பற்றி மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலிருந்தும் நிறையக் கேள்விகள் வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் வங்கியில் சில்லறையை ரோல் ரோலாக வாங்கி, பிரித்துப் பார்த்து வெள்ளிக்காசு எடுக்கிறார். வீடியோவும் அனுப்புகிறார். நானும் இங்கே வங்கியில் ஒரு பை சில்லறை வாங்கிக் கிளறினால் வெள்ளி கிடைக்குமா? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

வெள்ளி கிடைக்காது. வேறு நல்ல காசுகள் கிடைக்கும், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் மைத்துனருக்குக் கிடைப்பது உங்களுக்கு ஏன் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டால் வீணாக வங்கிக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியதில்லை.

கனடாவில் 1920இலிருந்து 1966 வரை அடித்த 10 சதமும் 25 சதமும் 80 வீதம் வெள்ளி. 1967இல் சில காசு 80 வீதம், சில 50 வீதம், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. 1968இல் வருடம் பாதி போன பிறகு வெள்ளியை நிறுத்தி நிக்கலுக்கு மாறினார்கள். முக்கியமான விசயம் என்னவென்றால், உலோகம் மாறினாலும் காசின் அளவு மாறவில்லை, பெறுமதி மாறவில்லை, பழையதைச் செல்லாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அதனால் 60 வருசத்துக்கு முந்தின வெள்ளிக்காசு இன்றைக்கும் கடைக் கல்லாவுக்குள் வந்துவிடும், அங்கிருந்து வங்கிக்குப் போய் ரோலுக்குள் சுற்றப்பட்டுவிடும். 25 சதக் காசு 40 சேர்ந்தால் ஒரு ரோல், 10 டொலர். 10 டொலர் கொடுத்து வாங்கி, பார்த்து, வேண்டியதை எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப வங்கியில் போட்டால் கைக்காசு நட்டமில்லை, நேரம்தான் செலவு. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 10 சதமும் 25 சதமும் 1964 வரை 90 வீதம் வெள்ளி. அரை டொலர் மட்டும் 1965இலிருந்து 1970 வரை 40 வீத வெள்ளியோடு வந்தது, அதனால்தான் அங்கே ரோல் பிரிப்பவர்கள் அரை டொலரைத் தேடி ஓடுகிறார்கள்.

உங்கள் மைத்துனருக்கு ஒரு குறிப்பு சொல்லுங்கள். 1968 காசு கையில் வந்தால் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோகட்டும். கனடாவின் நிக்கல் காசு காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. 1967இன் 10 சதத்தில் கனடா நூற்றாண்டுக்காக ஒரு மீன் இருக்கும், அதைக் கண்டால் விடவே வேண்டாம், மீன்பாடும் ஊரான மட்டக்களப்புக்காரர் கையில் இருக்க வேண்டிய காசு அது. இயந்திரம் சுற்றிய ரோலைவிட, யாரோ வீட்டு உண்டியலை உடைத்துக் கையால் சுற்றிக் கொடுத்த ரோல் நல்லது, பழைய காசு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அப்புறம், புழக்கத்தில் உள்ள காசை அனுமதிப்பத்திரம் இல்லாமல் உருக்குவது கனடாவில் குற்றம், அதையும் சொல்லிவையுங்கள்.

சரி, நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் புழக்கத்துக்கு அடித்த வெள்ளிக் காசு என்றால் பெரும்பாலும் 10, 25, 50 சதங்கள். 1892 முதல் 1917 வரை வந்தவை 80 வீத வெள்ளி, 1919இலிருந்து அதை 55 வீதமாகக் குறைத்தார்கள். இரண்டாம் உலக யுத்த நேரத்தில் அதுவும் முடிந்தது, 50 சதத்தின் கடைசி வெள்ளி 1942, அடுத்த வருடமே மஞ்சள் உலோகம். அதற்குப் பிறகு நமது காசுகள் எத்தனையோ தடவை உலோகமும் வடிவமும் மாறிவிட்டன. சதம் என்ற ஒன்றே இன்றைக்குக் கொடுக்கல் வாங்கலில் இல்லை. வங்கிப் பையில் இருப்பது 1 ரூபாவிலிருந்து 20 ரூபா வரைதான், அதிலும் நிறைய 2017இல் வந்த புது, துருப்பிடிக்காத உருக்குக் காசு. அதற்குள் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட 50 சதம் எப்படி வரும்?

கேள்வி: அப்படியானால் வங்கிச் சில்லறையில் எதைத்தான் தேடுவது? என் மகள் ஆறாம் வகுப்பு, காசு சேர்க்க ஆசைப்படுகிறாள். (அக்கரைப்பற்று வாசகி)

மகளுக்கு ஏற்ற வேலை இது, சகோதரி. மாவட்டக் காசிலிருந்து தொடங்குங்கள். 2013ஆம் ஆண்டு போட்ட 10 ரூபாக் காசில் 25 மாவட்டத்துக்கும் 25 விதமான காசை மத்திய வங்கி வெளியிட்டது. விளிம்பில் பதினொரு பக்கம் கொண்ட காசு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மாவட்டப் பெயரும் அந்த மாவட்டத்துக்குரிய படமும் இருக்கும். முதலில் அம்பாறையும் மட்டக்களப்பும் பிடிக்கட்டும், பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. 25ஐயும் சில்லறையிலேயே சேர்த்து முடிக்கலாம், விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கடைசி இரண்டு மூன்று மாவட்டத்துக்காகப் பொறுமையாகக் காத்திருப்பதில் உள்ள சுகம் வாங்கினால் கிடைக்காது.

அடுத்தது நினைவுக் காசுகள். 5 ரூபாவில் 1995இன் ஐக்கிய நாடுகள் சபை 50 ஆண்டு, உலகக்கிண்ணக் கிரிக்கெட் வெற்றிக்காக வந்த 1999, புத்த ஜயந்தி 2550க்காக வந்த 2006. 2 ரூபாவில் 2011 விமானப்படை, 2012 சாரணர். 10 ரூபாவில் சுதந்திரப் பொன்விழாவுக்காக 1998இல் வந்தது, நடுவில் ஒரு நிறம் சுற்றிவர ஒரு நிறம், பார்த்தவுடனேயே தெரியும். 20 ரூபாவில் மத்திய வங்கியின் 70ஆவது ஆண்டுக் காசு ஏழு பக்கம் கொண்டது. இன்னும் பழையதாக, 1976 அணிசேரா நாடுகள் மாநாட்டுக்கு வந்த ஏழு பக்க 2 ரூபாவும் பத்துப் பக்க 5 ரூபாவும், 1981இல் வந்த மகாவலி 2 ரூபா, சர்வசன வாக்குரிமை 5 ரூபா, 1987இன் 10 ரூபா எல்லாம் இருக்கின்றன, ஆனால் இவை சில்லறையில் கிடைப்பது அருமை.

வங்கியில் கேட்கும் முறை ஒன்று உண்டு. ஓய்வூதிய நாளிலும் சம்பள நாளிலும் போய் வரிசையில் நின்று சில்லறை கேட்காதீர்கள், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து உங்கள் கணக்கு உள்ள கிளையில் கேளுங்கள். கோயிலில் திருவிழா முடிந்து உண்டியல் காசு கட்டிய கிழமையில் கேட்டால் இன்னும் நல்லது. வீடுகளில் நேர்த்திக்கு முடிந்து வைத்த காசெல்லாம் அப்போதுதான் வெளியே வரும், மாமாங்கத் தீர்த்தத்துக்குப் பிறகும் திருக்கோவில் தீர்த்தத்துக்குப் பிறகும் வரும் சில்லறையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பார்த்து முடித்த மிச்சக் காசை வங்கிக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். பக்கத்துக் கடையில் கொடுங்கள். சில்லறை இல்லையென்று மிச்சத்துக்கு டொபி நீட்டும் கடைக்காரர் உங்களைக் கும்பிடாத குறையாக வாங்குவார், பதிலுக்கு அவருடைய லாச்சியைக் கிளறிப் பார்க்கவும் விடுவார். என் அபிப்பிராயத்தில் வங்கிப் பையைவிட அந்த லாச்சி நல்ல இடம்.

கேள்வி: அம்மம்மாவின் பெட்டகத்தில் கறுத்துப்போன பழைய காசுகள் ஒரு சுருக்குப்பை நிறைய இருக்கின்றன. நகைக்கடையில் கொடுத்து என் மகளுக்குக் கொலுசு செய்யலாமா? வெள்ளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஆரையம்பதி வாசகி)

கொஞ்சம் பொறுங்கள், தங்கச்சி. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் இந்த முறை எனக்கு அதிக அவசரம்.

நமது பக்கத்தில் வெள்ளிக்காசு இருந்த இடம் இந்தச் சுருக்குப்பைகள்தான். அதில் பெரும்பகுதி ஏற்கனவே அரைஞாணாகவும் கொலுசாகவும் உருகிப் போய்விட்டது. 1978 சூறாவளியில் வீட்டோடு போனது, இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் விட்டுவிட்டுப் போனது, 2004 கடலில் போனது என்று இன்னும் எவ்வளவோ. இதையெல்லாம் தாண்டி உங்கள் பெட்டகத்தில் ஒரு பை மிஞ்சியிருக்கிறது என்றால் அதை உருக்கக் கொடுக்க முன்னர் ஒரு நாள் மினக்கெட்டுப் பாருங்கள்.

வெள்ளைத் துணியொன்றை விரித்துக் காசுகளைப் பரப்புங்கள். முதலில் காந்தம். ஒட்டுவதெல்லாம் வெள்ளியல்ல, தனியாக வையுங்கள். ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் நினைக்க வேண்டாம், செம்பும் பித்தளையும் ஒட்டாது. அடுத்து ஆண்டைப் பாருங்கள். இலங்கை 50 சதம் 1942 வரைக்கும் என்றால் வெள்ளி. நகைக்கடைத் தராசில் வைத்தால் தேய்மானத்தோடு 5.8 கிராமுக்குக் கிட்ட வரும், 25 சதம் அதில் பாதி, 10 சதம் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட. விக்டோரியா மகாராணி தலை போட்ட இந்திய ரூபாவும் இருக்கக்கூடும், நமது ஊர்களிலும் அது தாராளமாக ஓடிய காசு. 11.66 கிராம், அதில் 91 வீதத்துக்கு மேல் வெள்ளி. பெரிதாக, கையில் கனமாக 1957 என்று ஒன்று இருந்தால் அது புத்த ஜயந்தி 5 ரூபா, 28.28 கிராம், 92.5 வீத வெள்ளி. அதே நினைவுக்காக வந்த 1 ரூபாவில் வெள்ளி இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1920களின் 50 சதம் ஒன்றில் வெள்ளி ஏறத்தாழ 3.2 கிராம்தான். நகைக்கடையில் அந்த 3.2 கிராமுக்கும் சேதாரம் கழித்துத்தான் விலை போடுவார்கள். ஆனால் எழுத்தும் மன்னர் தலையும் தெளிவாக இருக்கும் காசுக்குச் சேகரிப்பவர்கள் உலோக விலைக்கு மேல் தருவார்கள். ஆகவே முகம் தேய்ந்து மொட்டையாகப் போனவற்றைக் கொலுசுக்குக் கொடுங்கள், தெளிவானவற்றை வையுங்கள். அதிலும் அம்மம்மா உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். யாருடைய கலியாணத்துக்கு வந்த காசு, எந்த வயல் விளைச்சலில் முடிந்து வைத்தது என்று அவர் சொல்வதை ஒரு துண்டில் எழுதி அந்தப் பைக்குள்ளேயே போடுங்கள்.

கேள்வி: 1947 புலி போட்ட ரூபா இருக்கிறது. வெள்ளிதானே? (சம்மாந்துறை வாசகர்)

இல்லை. அந்த இந்திய ரூபா நிக்கல். காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டும், பாருங்கள்.

கேள்வி: கடற்கரை வளவில் கிணற்றடி மண்ணுக்குள் எடுத்த காசுகள் பச்சை பிடித்திருக்கின்றன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமா? (கல்லாறு வாசகர்)

வேண்டவே வேண்டாம். புளி, தேசிக்காய், பிரசோ, பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரித் துலக்கினால் காசு பளபளக்கும், ஆனால் அந்தப் பளபளப்பு மேல்தோல் உரிந்து வந்தது, திரும்ப வராது. அப்படித் துலக்கிய காசைச் சேகரிப்பவர் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துக் கீழே வைத்துவிடுவார்.

கடல் உப்பு ஏறிய காசு என்பதால் பற்றறிக்கு ஊற்றுகிற காய்ச்சிவடித்த நீரில் ஊறப்போடுங்கள், அடிக்கடி தண்ணீரை மாற்றுங்கள், மண் தானாக இளகி வரும். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து நிழலில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் போடுங்கள். மெதுமெதுவென்று இருக்கும் பிளாஸ்ரிக் உறை வேண்டாம், நமது வெக்கையில் அது கசிந்து காசில் பசை போலப் படியும். எடுக்கும்போது விளிம்பில் பிடியுங்கள்.

கேள்வி: புளியந்தீவில் வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போது செப்புக்காசு சில வந்தன. ஒன்றில் வீ, ஓ, சீ என்ற ஆங்கில எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. விற்கலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளம். போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1638இல், புளியந்தீவு மண்ணுக்குள் அவர்கள் காசு கிடப்பது அதிசயமில்லை. ஆனால் சட்டம் உண்டு. 1815 மார்ச் 2க்கு முந்தின பொருட்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். நிலத்துக்குள்ளிருந்து எடுத்ததைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. எந்த ஆழத்தில் வந்தது, கூட ஓடோ மட்பாண்டமோ கிடந்ததா என்று இப்போதே குறித்து, கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். காசைவிட அந்தக் குறிப்புத்தான் நமது ஊரின் வரலாற்றுக்குப் பெறுமதி. இன்னும் இருக்குமென்று சுற்றுவட்டாரத்தைத் தோண்டத் தொடங்காதீர்கள்.

கேள்வி: பழைய 5 ரூபாக் காசுக்கு 10 இலட்சம் தருவதாக முகநூலில் விளம்பரம். பதிவுக் கட்டணமாக 7,500 ரூபா முதலில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? (கல்முனை வாசகர்)

அனுப்பாதீர்கள். காசு வாங்குகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்கு ஏன் தர வேண்டும்? 1984இலிருந்து அடித்த அந்தத் தடித்த மஞ்சள் 5 ரூபா கோடிக்கணக்கில் வந்த காசு, இன்றைக்கும் சில்லறையில் வருகிறது. ஏற்கனவே பணம் அனுப்பியவர்கள் இருந்தால் சிட்டையையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள். கொழும்புக்குப் போனால் கோட்டை சதாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்தில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. எந்தக் காசு அரிது, எது சாதாரணம் என்று கண்ணால் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடமில்லை, அக்கரைப்பற்றுச் சகோதரியும் மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.