'கிருபை' என்று தேடினால் எல்லா வசனங்களும் ஏன் வருவதில்லை?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் உபதேசியாராக ஊழியம் செய்கிறேன். மகன் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற மேசைக் கணினி 4 ஜிபி நினைவகத்தோடு வின்டோஸ் 10-இல் ஓடுகிறது. வீட்டில் இணைய இணைப்பு இல்லை. கைபேசியின் ஹாட்ஸ்பாட் மட்டுமே உண்டு. நண்பர் ஒருவர் பென் டிரைவில் தந்த வேதாகம மென்பொருளில் நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கின்றன. ஆனால் 'கிருபை' என்று தேடினால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனங்கள்கூட வருவதில்லை. எபிரெயமும் கிரேக்கமும் அறியாத நான் இதை வைத்துப் பிரசங்கத்துக்கு எப்படி ஆயத்தப்படுவது? பணம் கொடுத்து லோகோஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: ஐயா, உங்கள் கணினி இந்த வேலைக்குப் போதும். லோகோஸ் நல்ல மென்பொருள்தான். 1992 முதல் வளர்ந்து வருவது. அதற்கு இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் அது நூல்களை இணையத்திலிருந்து இறக்கி, அவற்றுக்கெல்லாம் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) கட்டிக்கொண்ட பிறகே முழுமையாக வேலை செய்யும். ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் 4 ஜிபி கணினியில் அது உங்கள் பொறுமையைச் சோதித்துவிடும். இப்போதைக்கு வாங்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் இ-சோர்ட், பென் டிரைவிலிருந்தே இயக்கக்கூடிய தி வேர்ட் (மைக்ரோசாஃப்ட் வேர்டு அன்று, இது வேதாகமத்துக்கென்றே எழுதப்பட்ட வேறொரு மென்பொருள்), கிராஸ்வயர் அமைப்பின் சோர்ட் திட்டத்தைச் சேர்ந்த ஸிஃபோஸ் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று போதுமானது. நண்பர் தந்தது இவற்றில் ஒன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கென்று செய்யப்பட்ட நூல்கோப்பு மற்றொன்றில் திறக்காது என்பதால், மாறி மாறி நிறுவிப் பார்ப்பது நேரத்தைத்தான் தின்னும்.

முதலில், தேடல் ஏன் பொய்க்கிறது என்று பார்ப்போம். இந்த மென்பொருள்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் தனித்து நிற்கும்; தமிழில் வேற்றுமையுருபும் சாரியையும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'முழுச்சொல் மட்டும்' என்ற பொருளுள்ள தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், 'கிருபை' என்று நீங்கள் தட்டும்போது அது தனித்த 'கிருபை'யை மட்டுமே எடுக்கும். 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்ற எபேசியர் 2:8 விட்டுப்போகும். தேடல் பெட்டியிலுள்ள அந்தத் தேர்வை நீக்கிவிட்டுச் சொல்லின் ஒரு பகுதி பொருந்தினாலும் காட்டும்படி அமைத்துவிடுங்கள். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அதன் பிறகும் எந்த இடத்தில் சொல்லை வெட்டித் தேடுவது என்ற கேள்வி நிற்கிறது. 'சத்தியம்' என்று முழுவதும் தட்டினால் 'சத்தியத்தை', 'சத்தியத்தின்' ஆகியவை அகப்படா. 'சத்திய' என்று நிறுத்தினால் எல்லாம் வரும். 'வீடு' என்பதற்கு ஒரு தேடல் போதாது, ஏனெனில் உருபு ஏறியதும் அது 'வீட்டிலே', 'வீட்டாரும்' என்று இரட்டித்துவிடுகிறது. 'வீடு' ஒரு முறையும் 'வீட்ட' ஒரு முறையும் தேட வேண்டும். அளவுக்கு மிஞ்சி வெட்டினாலும் ஆபத்துண்டு. 'தேவ' என்று மட்டும் தட்டினால் 'தேவையானது ஒன்றே' என்ற லூக்கா 10:42-உம் வந்து நிற்கும். 'தேவன' என்று தட்டுவதே சரி. பள்ளியில் படித்த இலக்கணம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இந்தப் பெட்டியில் கைகொடுப்பதை நீங்களே காண்பீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு சொல் அகப்படவில்லையானால், எழுத்துருவில் கோளாறு இருக்கலாம். கண்ணுக்கு எதிரே திரையில் தெரியும் வசனத்திலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். ஒட்டினால் கிடைத்து, தட்டினால் கிடைக்காவிட்டால், கோப்பிலுள்ள எழுத்தும் உங்கள் விசைப்பலகை தரும் எழுத்தும் உள்ளே வேறுவேறு என்று பொருள். இன்றைய கணினிகளின் பொது எழுத்துக்குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்பதை ஒகரக் குறியை ஒரே குறியாக இட்டும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சில மென்பொருள்களுக்கு அவை இரு வேறு சொற்கள். ஒட்டியதும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரிந்தால், அந்த நூல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றப்பட்டது. அதைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். தமிழில் நல்ல யூனிகோடு பதிப்புகள் கிடைக்கின்றன. 2019-இல் வெளிவந்த ஐ.ஆர்.வி. (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்) தமிழ்ப் பதிப்பு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளும்படி தரப்பட்டிருக்கிறது. பென் டிரைவில் வந்த நூற்றுக்கணக்கான நூல்களில் பதிப்புரிமை உள்ளவையும் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதையும் பார்த்துக் கழித்துவிடுவது ஊழியக்காரருக்கு அழகு.

இனி, எபிரெயமும் கிரேக்கமும் அறியாதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். என் அனுபவத்தில் இந்த மென்பொருள்களின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. இதற்காக இரண்டு மாலைப்பொழுதுகளை ஒதுக்கினால் வீண்போகாது.

தமிழ் வேதாகமத்தை ஒரு பக்கத்திலும், ஸ்ட்ராங் எண்கள் கொண்ட கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தை மறுபக்கத்திலும் திறந்துகொள்ளுங்கள். இ-சோர்டில் அது கே.ஜே.வி. என்பதோடு ஒரு கூட்டல் குறி சேர்த்த பெயரில் இருக்கும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் 1890-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியில், மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டார். எபிரெயத்துக்கு 1 முதல் 8674 வரை, கிரேக்கத்துக்கு 1 முதல் 5624 வரை. தமிழ்ப் பதிப்புகளில் இந்த எண்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே ஆங்கிலம் நமக்கு இங்கே ஒரு பாலம், அவ்வளவே. நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் கிங் ஜேம்ஸும் வசனப் பகுப்பில் பெரும்பாலும் ஒத்துப்போவதால் இந்த இணை நன்றாகப் பொருந்தும். மூல எபிரெயப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே பல சங்கீதங்களின் தலைப்பையும் வசனமாக எண்ணுவார்கள், நம்முடைய 51:1 அங்கே 51:3.

இப்போது ஆதியாகமம் 6:8-ஐத் திறவுங்கள். 'நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது.' ஆங்கிலப் பக்கத்தில் அதற்கு நேரான சொல்லின் எண்ணைத் தொட்டால் எபிரெய எண் 2580, 'ஹேன்' என்ற சொல். அடுத்து, வசனத்துக்கு வசனம் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று 26 முறை வரும் 136-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அங்கே எண் 2617, 'ஹெசெத்'. எபேசியர் 2:8-இல் கிரேக்க எண் 5485, 'காரிஸ்'. தமிழில் ஒரே 'கிருபை'. அதன் பின்னால் மூன்று சொற்கள். முதலாவது, ஒருவர் பார்வையில் மற்றொருவருக்குக் கிடைக்கும் தயவு. இரண்டாவது, உடன்படிக்கையினாலும் உறவினாலும் கட்டுண்டவர் மாறாமல் காட்டும் அன்பு. மூன்றாவது, பவுலின் நிருபங்களில், தகுதியைப் பாராமல் அருளப்படும் ஈவு. மூன்றையும் ஒன்றாக்கிப் பிரசங்கித்தால் தவறாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சங்கீதக்காரன் 26 முறை திருப்பித் திருப்பிச் சொன்னது எது என்று சபைக்குத் துல்லியமாகச் சொல்ல முடியாமல் போகும் என்கிறேன்.

மறுபுறமும் பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்து எச், அதையொட்டி இடைவெளியில்லாமல் 2617 என்று தட்டினால், ஹெசெத் வரும் இடங்கள் ஏறத்தாழ 250 கிடைக்கும். அவற்றில் பாதியளவு சங்கீதங்களில். அந்தப் பட்டியலைத் தமிழ்ப் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இறங்குங்கள். ரூத் 1:8-இல் நகோமி தன் மருமக்களை வாழ்த்தி, கர்த்தர் உங்களுக்கும் 'தயைசெய்வாராக' என்கிறாள். அங்கே இருப்பதும் ஹெசெத். ஓசியா 6:6-இல், பலியை அல்ல 'இரக்கத்தை' விரும்புகிறேன் என்று தேவன் சொல்லும் இடத்திலும் அதே சொல். 'கிருபை' என்று தமிழில் எத்தனை திறமையாகத் தேடினாலும் இந்த இரண்டும் வரமாட்டா. உங்கள் கேள்விக்கு முழு விடை இதுதான், ஐயா: தேடலின் அமைப்பைத் திருத்துவது பாதி வழி, எண்ணைக் கொண்டு தேடுவது மீதி வழி.

எண்கள் பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் இணைப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஓசியாவின் அந்த வாக்கியத்தை இயேசு மத்தேயு 9:13-இல் எடுத்துச் சொல்கிறார். அங்கே கிரேக்கச் சொல் வேறு, எண் வேறு. இந்தத் தொடர்பைக் காட்டுவது இணைவசனத் தொகுப்பு. 'டிரெஷரி ஆஃப் ஸ்கிரிப்சர் நாலெட்ஜ்' என்ற பழைய தொகுப்பு இலவச மென்பொருள்களில் எளிதாகக் கிடைக்கும். அதை ஒரு மூலையில் எப்போதும் திறந்தே வைத்திருங்கள்.

எச்சரிக்கையாகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எண்ணைத் தொட்டவுடன் எழும் சிறு பெட்டி பல பிரசங்கங்களைக் கெடுத்திருக்கிறது. ஸ்ட்ராங்கின் குறிப்பில் முக்காற்புள்ளியும் கோடும் வரும் இடத்துக்குப் பின் உள்ள சொற்கள், பொருள்களின் பட்டியல் அல்ல. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை எங்கெங்கோ எப்படியெப்படி ஆங்கிலப்படுத்தினார்கள் என்ற கணக்கு. அதிலிருந்து நமக்குப் பிடித்ததைப் பொறுக்கியெடுத்து இந்த வசனத்தில் வைக்கக் கூடாது. அதேபோல், ஹெசெத்தின் வேர்ச்சொல்லுக்குக் கழுத்தைத் தாழ்த்தி வணங்குவது என்று அவர் பொருள் தருவதைக் கொண்டு பிரசங்கம் கட்டுவோர் உண்டு. அந்த வரியில் 'ஒருவேளை' என்று அவரே எழுதியிருப்பதைக் கவனிப்பதில்லை. சொல்லின் பொருளை வேர் சொல்லாது. அது வழங்கும் இடங்கள் சொல்லும். பட்டியலிலுள்ள வசனங்களைப் பொறுமையாக வாசிப்பதற்கு எந்த அகராதியும் ஈடாகாது.

யோவான் 21-ஐ இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆண்டவர் முதல் இரு முறையும் 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று கேட்கிறார், பேதுரு 'உம்மை நேசிக்கிறேன்' என்கிறான். மூன்றாம் முறை ஆண்டவரே 'என்னை நேசிக்கிறாயா' என்கிறார். கிரேக்கத்தில் எண் 25-உம் ('அகபாவோ', இங்கே 'அன்பாயிரு') எண் 5368-உம் ('ஃபிலேயோ', இங்கே 'நேசி') மாறி வருவதைத் தமிழ் அப்படியே காத்திருக்கிறது. ஆங்கில கிங் ஜேம்ஸ் மூன்றையும் ஒரே சொல்லால் கடந்துவிடுகிறது. இதை முதன்முதலில் திரையில் பக்கம் பக்கமாகக் கண்டபோது நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. ஆனால் இதிலிருந்து ஒன்று உயர்ந்த அன்பு, மற்றொன்று தாழ்ந்தது என்று முடிவுகட்டுமுன், அதே சுவிசேஷத்தில் 3:35-ஐயும் 5:20-ஐயும் எண்களோடு பாருங்கள். பிதா குமாரனிடத்தில் அன்பாயிருப்பதைச் சொல்ல யோவான் ஓரிடத்தில் 25-ஐயும் மற்றோரிடத்தில் 5368-ஐயும் எடுத்தாள்கிறார். தமிழிலோ இரண்டிடத்திலும் 'அன்பாயிருந்து'. தமிழ் ஓரிடத்தில் காட்டுவதை இன்னோரிடத்தில் மறைக்கிறது. எண் இரண்டையும் வெளியே கொண்டுவருகிறது.

நூல்களைப் பொறுத்தவரை, நூற்றுக்கணக்கில் வைத்திருப்பதால் கணினி தாமதமாகும், கண்ணும் சிதறும். இரண்டு தமிழ்ப் பதிப்புகள், எண்களுள்ள ஆங்கிலப் பதிப்பு, ஸ்ட்ராங் அகராதி, இணைவசனத் தொகுப்பு, மாத்யூ ஹென்றியின் வியாக்கியானம் ஆகியவற்றோடு ஓர் ஆண்டு பழகிவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். தேயரின் கிரேக்க அகராதியும் இலவசமாகக் கிடைப்பதே. ஆனால் எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதங்கள் ஆராயப்பட்டுக் கிரேக்கச் சொல்லறிவு விரிவதற்கு முன் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்து வாசியுங்கள்.

கடைசியாக, உங்கள் குறிப்புகள். மென்பொருளையும் நூல்களையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வசனத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதிவைப்பது உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிறது. என் பழைய கணினியின் வன்தட்டு ஒரு மழைக்காலத்தில் பழுதானபோது ஆறு ஆண்டுகளாகச் சங்கீதங்களுக்கு எழுதிய குறிப்புகள் முழுவதும் போயின. மென்பொருளின் அமைப்புகளில், நீங்கள் எழுதும் குறிப்புகள் எந்தக் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன என்று இன்றே பார்த்து வையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் மென்பொருளை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை முழுவதுமாகப் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். பென் டிரைவ்கள் இரண்டு இருக்கட்டும். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று.