நெருக்கடியில் மதுவக் கலம் தன் புரதங்களுக்கு இடும் குறி: கேள்வி பதில்

கேள்வி (உயர்தர மாணவி, நெல்லியடி): ஐயா, புரதத்துக்குக் குறியிடுவதால் மதுவக் (ஈஸ்ட்) கலம் எப்படிப் பிழைக்கிறது?

பதில்: வெப்பம் ஏறும்போது கலத்தின் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அப்போது மூன்று நொதியங்கள், யுபிகுவிட்டின் என்னும் 76 அமினோ அமிலச் சிறு புரதத்தை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, குலைந்த புரதத்தின் லைசின் என்னும் அமினோ அமிலம் ஒன்றில் குறியாகப் பொருத்துகின்றன. அந்த யுபிகுவிட்டினின் 48ஆம் லைசினில் அடுத்தது, அதன்மேல் மற்றொன்று எனச் சங்கிலி நீள, அதை அடையாளம் கண்டு, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் என்னும் அமைப்பு அப்புரதத்தை வெட்டிவிடுகிறது. இவ்வழியைக் கண்டறிந்த சிகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி (இளைப்பாறிய ஆசிரியர், சாவகச்சேரி): அப்படியானால் குறி விழுந்த புரதத்துக்கு அழிவுதானா?

பதில்: இல்லை ஐயா. பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். சங்கிலி 63ஆம் லைசின் வழியே நீண்டால் பொருள் வேறு. ஐதரசன் பரவொட்சைட்டு தாக்கும்போது மதுவம், புரதங்களைத் தொகுக்கும் தன் இறைபோசோம்களில் இத்தகைய சங்கிலிகளைச் சேர்த்துப் புரதத் தொகுப்பின் போக்கையே மாற்றிக்கொள்கிறது. அங்கே குறி அழிப்பதற்கன்று, கட்டுப்படுத்துவதற்கே.

கேள்வி (வெதுப்பக உரிமையாளர், சுன்னாகம்): கொதிநீரில் கரைத்த ஈஸ்டை இது காப்பாற்றாதா?

பதில்: காப்பாற்றாது. குறியிடும் நொதியங்களும் புரதங்களே, அவையும் குலைந்துவிடும். வெதுவெதுப்பான நீரே போதும்.

கேள்வி (கொடிகாமம்): முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால் கருப்பணி (புளிக்காத இனிப்புப் பதநீர்) கிடைக்காது, கள்ளாகிவிடும். நொதிக்க நொதிக்க மதுசாரம் ஏறுகிறதே, மதுவத்திடம் குறிகள் தீர்ந்துபோகாதா?

பதில்: நல்ல கேள்வி. மதுசாரமும் வெப்பத்தைப் போலவே புரதங்களைக் குலைக்கக்கூடியது. குலைந்தவை பெருகினால் கலத்தில் தனித்திருக்கும் யுபிகுவிட்டின் குறையும் என்பதால், மதுவம் இரு வழிகளைக் கையாள்கிறது. புரதம் புரோட்டியசோமுக்குள் இழுபடும்போதே யுபிகுவிட்டினைக் கழற்றி மீட்பது ஒன்று. யுபிஐ4 என்னும் பரம்பரையலகைத் தூண்டுவது மற்றொன்று. அதிலிருந்து பல யுபிகுவிட்டின்கள் ஒரே கோவையாக உருவாகிப் பின்னர் தனித்தனியே வெட்டப்படுகின்றன. இப்பரம்பரையலகை நீக்கிய மதுவம் வழமையான நிலையில் நன்றாகவே வளர்ந்தாலும், கடும் வெப்பத்தையும் பட்டினியையும் தாங்காது மடிகிறது என்று 1987இல் வெளியான ஆய்வு காட்டியது.