மழைக்கு முன் கேட்ட கேள்விகள்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பதிலளிக்கிறார்

மல்லாவியிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, மலேரியா ஒழிந்த நாட்டில் காய்ச்சல்காரருக்கு ஏன் இன்னும் அந்தப் பரிசோதனை?

தம்பி, 1963-இல் இலங்கை முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர்தான். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பைக் குறைத்தார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. உள்நாட்டிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012-இல் பதிவானார். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் நுளம்பு எங்கும் போய்விடவில்லை. வெளிநாட்டில் தொற்றி வருபவர் ஒருவர் நம் குளக்கரையில் காய்ச்சலோடு படுத்தால் போதும். விரலில் குத்தி எடுக்கும் அந்த ஒரு சொட்டு இரத்தம்தான் நமக்கும் 1969-க்கும் நடுவில் நிற்கிறது. நோய் இல்லாத காலத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்யும் ஊழியரை வீட்டுக்கு அனுப்பாத நாடுதான் அடுத்த நோயைத் தாங்கும்.

கிளிநொச்சி வாசகர்: பெரிய வைத்தியசாலை ஒன்று கட்டினால் போதாதா?

போதாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வீதி வெள்ளத்துக்குள் போனால் எவ்வளவு பெரிய கட்டடமும் எட்டாத தூரம்தான். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பது குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில்தான் இருக்கும். அந்தப் பதவி வெற்றிடமாகக் கிடந்தால், உழவு இயந்திரத்தோடு வந்து நிற்கும் இளைஞர்களுக்கு எந்த ஒழுங்கைக்குள் போவது என்று சொல்ல ஆளில்லை. நான் கேட்பது முதலில் அந்த வெற்றிடத்தை நிரப்புவதைத்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மகள்: அம்மா இன்சுலின் போடுகிறார். மின்சாரம் நின்றால் என்ன செய்வது?

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். பாவிக்கும் குப்பி, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். ஈர மணல் இட்ட மண்பானைக்குள் சிறு பானை ஒன்றை இறக்கி, அதில் இன்சுலினை நீர் புகாதபடி பொதிந்து வையுங்கள். ஐஸ்கட்டியில் நேரடியாக வைக்கவேண்டாம், உறைந்த இன்சுலின் பயன்படாது.

கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள், மகள். ஒரு வெள்ளத்தில், பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த ஒரு முதிய தாய் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கொப்பியை அவிழ்த்துத் தந்தார். மை முழுவதும் கரைந்து நீலக் கறை மட்டும் இருந்தது. என்ன மருந்து, எத்தனை அலகு என்று அவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் பொலித்தீன் பையைத்தான் முதலில் கேட்பேன்.

நெடுங்கேணி விவசாயி: வெள்ளம் வடிந்ததும் வயலில் இறங்கலாமா?

எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையை உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் கேட்டு வாங்கிய பின் இறங்குங்கள். கர்ப்பிணிகளும் வேறு நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது. காலில் புண் இருந்தால் மூடிக்கட்டுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று சனம் பதறியது. ஆய்வுகூடப் பரிசோதனை வந்த பிறகே எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வயலில் நின்ற பின் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், வைத்தியரிடம் "வயலில் நின்றேன்" என்பதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

புதுக்குடியிருப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம்: எங்களால் என்ன முடியும்?

ஒரு பட்டியல். இன்சுலின் போடுபவர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சிறுநீரக நோயாளி, நிறைமாதக் கர்ப்பிணி, எழுந்து நடக்க இயலாதவர்: இவர்களின் பெயரும் வீடும். புரட்டாதியில் எழுதி, குடும்பநல உத்தியோகத்தரோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். ஒரு பிரதி கிராம அலுவலரிடம் இருக்கட்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எந்தச் சந்திவரை வரமுடியும் என்பதையும் அதில் குறியுங்கள். அங்கிருந்து யார் தூக்கிக்கொண்டு போவது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.